இரவல் சொம்புக்குப் புளி போடலாமா?

கல்மண்டபம்காரன்:
ஆசிரியர்கள் குழுவில் வியாசை டீச்சர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஒரு கல்லூரி அருங்காட்சியகத்திலிருந்து வகுப்புக்குப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறார். அதில் பழைய சொம்பு, ஆழாக்கு, சில செப்புக் காசு, ஒரு கற்கோடரி. "சொம்பு கறுத்துப் போயிருந்தது, பிள்ளைகளை வைத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தோம், பராமரிப்பு என்றால் இதுதான்" என்று பெருமை வேறு. கீழே வரிசையாக "சூப்பர் மேடம்". புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அழுக்கு எது, உலோகத்தைக் காக்கிற படலம் எது என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் கரைத்துவிடும். சொம்பு பித்தளை என்றால் துத்தநாகமும் கொஞ்சம் போகும், அங்கங்கே சிவப்புத் திட்டு விழும். சாம்பல் தன் பங்குக்குக் கீறும். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பிருந்தே காசு சேர்க்கிறவன் நான். தேய்த்த காசை எவனும் கையில்கூட வாங்க மாட்டான்.

வியாசை டீச்சர்:
என் பதிவை எடுத்து வந்து இங்கே ஊர்வலம் விடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது என்ன சோழர் காலத்து நடராஜரா? போகிக்கு முந்தின நாள் வாசலில் உட்கார்ந்து பித்தளை தேய்க்காத வீடு வியாசர்பாடியில் உண்டா? எங்கள் பாட்டியின் அண்டா இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. புளியால் ஒரு ஓட்டையும் விழவில்லை.

தேரடி:
ஒரு சின்ன கேள்வி. அது பித்தளையா, வெண்கலமா? அருங்காட்சியகப் பதிவேட்டில் எண் போட்ட பொருளா, அல்லது பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒதுக்கி வைத்த பொருளா? 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதாவது ஆனால்தான் ஒரு சொம்பு தொல்பொருள். இது தெரிந்தால் பாதி சண்டை முடிந்துவிடும்.

கல்மண்டபம்காரன்:
எந்த உலோகமானால் என்ன? புளி புளிதான்.

கொத்தளத்தான்:
அண்ணே, கோயிலில் உற்சவரையே புளி போட்டுத்தான் தேய்க்கிறார்கள். சாமிக்கு ஆகிற புளி சொம்புக்கு ஆகாதா? ஹிஹி.

கல்மண்டபம்காரன்:
இதைச் சொல்ல ஒருவர் வருவார் என்று காத்திருந்தேன். பழைய உற்சவர் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்ததுண்டா? மூக்கு மழுங்கி, உதடு தேய்ந்து, கண்ணைத் திரும்பச் செதுக்கியிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேய்த்த தேய்ப்பு அது. அங்கே வழிபாடு நடக்கிறது, அது வேறு கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மண்ணிலிருந்து எடுத்த செப்புத் திருமேனி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தால் அதற்கென்றே 1930லிருந்து ஒரு ரசாயனப் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. மின்பகுப்பு முறையில், அதாவது மின்சாரம் செலுத்தி, உலோகத்தில் ஏறிய உப்பைப் பொறுமையாக இறக்குவார்கள். மளிகைக் கடையில் புளி வாங்கி வரச் சொல்ல மாட்டார்கள்.

வியாசை டீச்சர்:
சரி சார். உப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கடற்காற்றில் செம்பு பச்சை பூக்கும் என்று போன மாதம் துறைமுகம் பற்றிய உரையாடல் திரியில் பத்தி பத்தியாக எழுதியதும் நீங்கள்தான். அப்போது அந்தப் பச்சையைத் தேய்த்து எடுத்தால் நல்லதுதானே?

கல்மண்டபம்காரன்:
இல்லை! எல்லாப் பச்சையும் ஒரே பச்சை இல்லை. கெட்டியாக, வழவழவென்று, கரும்பச்சையாகப் படிந்திருப்பது காவல். வெளிர்ப் பச்சையில் மாவு மாதிரி, ஊசிமுனைப் புள்ளிகளாகக் கிளம்பினால் அது நோய். உப்பிலிருக்கும் குளோரைடும் ஈரமும் சேர்ந்தால் வருவது. காசிமேட்டுக் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அப்படிப் பார்த்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு அதைத் தனியாக வைப்பது, மற்ற உலோகத்தோடு சேர்க்காமல் இருப்பது, இரவல் கொடுத்தவருக்கு ஒரு போன் போடுவது. ஒரு போன்! அதைவிட்டுப் புளி.
அப்புறம் இன்னொன்று. தேய்த்த பிறகு எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? போர்வெல் தண்ணீரா?

வியாசை டீச்சர்:
பள்ளிக்கூடக் குழாயில் என்ன வருகிறதோ அதில்தான்.

கல்மண்டபம்காரன்:
முடிந்தது கதை. மீஞ்சூர் தொடங்கி நம் வட சென்னைப் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் உள்ளே வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. படலத்தைப் புளியால் உரித்துவிட்டு, அதன் மேல் உப்புத் தண்ணீரை ஊற்றித் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
எங்கள் தெருவில் குடிக்கவே லாரி தண்ணீர். இவர் சொம்பு கழுவ நல்ல தண்ணீர் கேட்கிறார். எந்த ஊரில் சார் இருக்கிறீர்கள்?

கல்மண்டபம்காரன்:
கல்மண்டபத்தில் பிறந்தவன். பெயரிலேயே இருக்கிறது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
பிறந்தது கல்மண்டபம். இப்போது அண்ணா நகர். முந்தின திரியில் "எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட்" என்று எழுதியது மறந்துபோச்சா நைனா?

கல்மண்டபம்காரன்:
நான் எங்கே குடியிருந்தால் புளியில் அமிலம் குறைந்துவிடுமா?

ஓரமாய் ஒருவன்:
எல்லாரும் சொம்பையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கற்கோடரியைப் பிள்ளைகள் வெறும் கையில் தொட்டார்களா? கையுறை போட்டார்களா?

வியாசை டீச்சர்:
வெறும் கையில்தான். கை கழுவித் துடைத்துவிட்டு, மேஜை மேல் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துப் போட்டு, உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் எடுத்தார்கள். நிற்க விடவில்லை. பேனாவை எல்லாம் முன்பே வாங்கி வைத்துவிட்டேன், பென்சில் மட்டும்தான். இதையும் அந்தப் பதிவில் எழுதியிருந்தேன். யார் கண்ணிலும் படவில்லை, புளி மட்டும் பட்டுவிட்டது.

ஓரமாய் ஒருவன்:
வெளிநாட்டில் எல்லாம் வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொடுவார்கள்.

தேரடி:
எல்லாவற்றுக்கும் இல்லை. வழவழப்பான பொருளில் பருத்திக் கையுறை வழுக்கும், கீழே விழுந்து உடைவதுதான் பெரிய ஆபத்து. வியர்வை உப்பு உலோகத்தில் விரல் தடத்தை அப்படியே பதித்துவிடும் என்பதால் காசுக்கும் சொம்புக்கும் ரப்பர் போன்ற மெல்லிய நைட்ரைல் கையுறை நல்லது. கல்லுக்குச் சுத்தமான, காய்ந்த கை போதும்.

கொத்தளத்தான்:
லட்சக்கணக்கான வருஷம் மண்ணில் கிடந்த கல்லுக்கு வியர்வை பட்டால் சளி பிடிக்குமா? புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கையுறை போட்டா எடுத்தார்?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
எப்போதும் பல்லாவரம், பல்லாவரம். அதே வருஷம் அத்திரம்பாக்கத்திலும்தான் எடுத்தார்கள். அங்கே கிடைத்த கற்கருவிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் வருஷம் என்று 2011ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. பூண்டியில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் பெருமை மட்டும் தென்பக்கத்துக்கு.

கொத்தளத்தான்:
அத்திரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம். அது எப்போது வட சென்னை ஆச்சு?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
பல்லாவரம் மட்டும் ஜார்ஜ் டவுனிலா இருக்கிறது?

கல்மண்டபம்காரன்:
கல்லை விடுங்கள். கல் பிழைத்துக்கொள்ளும். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. புளி போடலாம் என்று டீச்சருக்கு யார் சொன்னது? இரவல் படிவத்தில் அப்படி எழுதியிருந்ததா?

வியாசை டீச்சர்:
படிவத்தில் "பொருள்களைக் கவனமாகக் கையாளவும்" என்று ஒரே ஒரு வரி. கவனமாகத்தான் தேய்த்தோம். திருப்பிக் கொடுத்தபோது அங்கிருந்தவர் பார்த்துவிட்டுச் சிரித்தபடிதான் வாங்கி வைத்தார். சிகாகோவில் ஃபீல்ட் அருங்காட்சியகம் நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிகளுக்குப் பெட்டி அனுப்புகிறது, தெரியுமா? இங்கே ஒரு பெட்டி வியாசர்பாடி வரை வந்தால் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

கல்மண்டபம்காரன்:
தொட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்புவார்கள். துலக்கித் தரச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். அவர் சிரித்தது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
இவருக்குச் சிரிப்பிலும் நிபுணத்துவம்.

தேரடி:
பித்தளையா வெண்கலமா என்று யாராவது சொல்வீர்களா?

வியாசை டீச்சர்:
அடுத்த பருவத்துக்கு இன்னொரு பெட்டி கேட்டிருக்கிறேன். அதில் ஒரு குத்துவிளக்கு இருக்கிறதாம். பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள், "மிஸ், இதையும் தேய்க்கலாமா?" என்று. அண்ணா நகரிலிருந்து உத்தரவு வாங்கித்தான் பதில் சொல்ல வேண்டுமா?

கல்மண்டபம்காரன்:
விளக்கில் உள்ள பழைய எண்ணெய்ப் பிசுக்குக்கூட ஒரு தகவல்தான். எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்பதற்கு அதுதான் மிச்சம். தேய்த்தால் அதுவும் போச்சு. பெட்டி வந்ததும் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், கரும்பலகைக்குக் கீழேயும் வேண்டாம், சாக்பீஸ் தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மணலிக் காற்றில் கந்தகம் உண்டு, வெள்ளி இருந்தால் கறுக்கும். புது ஒட்டுப்பலகை அலமாரியும் ஆகாது. பழைய சாதவாகன அரசர்களின் ஈயக் காசு ஏதாவது வந்தால் மரத்திலிருந்து கிளம்பும் அமில ஆவியிலேயே வெள்ளையாகப் பொடிந்து போகும்.

கொத்தளத்தான்:
அண்ணே, ஈயக் காசைப் பற்றி இங்கே யார் கேட்டது?

கல்மண்டபம்காரன்:
கேட்காவிட்டாலும் தெரிந்துகொள்ளுங்கள். ஈயத்துக்கும் புளி ஆகாது.