உதவி: மாருதி எஸ்டீம் கார் பெட்ரோல் டேங்க்ல சம்ப் (அடிக்குழி) வச்சு வெல்டு பண்ண நெல்லைல ஆள் இருக்கா? அவசரம்

பேட்டை_ஓட்டம்:
அண்ணாச்சிமாரே கொஞ்சம் அவசரம். வண்டி ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னுருது. டேங்க்ல பெட்ரோல் இருக்கு, முள்ளு காட்டுது, ஆனா பெட்ரோல் தீந்த வண்டி மாதிரியே இழுத்து இழுத்து செத்துரும். பங்க்குக்கு தள்ளிட்டுப் போயி 500 ரூவாய்க்கு போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. அப்போ பெட்ரோல இழுக்குத பிக்கப் பைப்புக்கு பெட்ரோல் எட்டலன்னுதான அர்த்தம், அதனால டேங்க இறக்கி அடியில அறுத்து ஒரு சம்ப் வச்சு உள்ள தடுப்பு தகடும் வெல்டு பண்ணிரலாம்னு இருக்கேன். சமயத்துல பின்னால டொம்முனு வேற கேக்கு, உள்ள பெட்ரோல் மோதுத சத்தம்னு நினைக்கேன். அடுத்த வாரம் கோயம்புத்தூர் கரி ரேஸ் ட்ராக்குக்கு போணும். நல்ல வெல்டர் யாராவது சொல்லுங்க.

பாளை_மெக்கு:
எந்த வருஷ எஸ்டீம்? கார்பரேட்டரா, இன்ஜெக்டர்ல பெட்ரோல் அடிக்குத எம்.பி.எஃப்.ஐயா? பம்பு உள்ளயா வெளியயா? வளைவுல நிக்கா, நேர் ரோட்டுல நிக்கா? இதெல்லாம் சொல்லாம வெல்டர் நம்பர் கேட்டா எப்பிடி வே?

அம்பை_காத்து:
இது E20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வேலை. கண்ண மூடிக்கிட்டு சொல்லுதேன். பழைய வண்டி ரப்பர் ஹோஸ எத்தனால் உப்ப வச்சு உள்ள தோல் தோலா உரிச்சுரும், அந்தத் துணுக்கு போயி ஃபில்டர அடைக்கும். எங்க சித்தப்பா மாருதி 800க்கும் இதே கதைதான்.

ட்ராக்_பழசு:
தம்பி, சம்ப், தடுப்பு எல்லாம் 20 வருஷத்துக்கு முந்தி செஞ்ச வேலை. இப்போ யாரும் டேங்க அறுக்கறதில்ல. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குல வண்டி ஓட்டுனவங்கிட்ட கேளு, சர்ஜ் டேங்க்னா (பம்புக்கு முன்னால எப்பவும் நிரம்பி நிக்குத சின்ன டேங்க்) என்னன்னு சொல்லுவான். அடிப்படை தெரியாம வண்டில கை வைக்கக்கூடாது.

தகரப்பட்டறை:
30 வருஷமா பத்த வைக்கிதேன், நான் ஒண்ணு சொல்லட்டா. நிறைஞ்ச டேங்க விட காலி டேங்க்தான் எமன். காத்துல நூத்துக்கு ஒண்ணரையில இருந்து ஏழரை பங்கு வரைக்கும் பெட்ரோல் ஆவி கலந்திருந்தா ஒரு பொறி போதும். அது காத்த விட கனம், டேங்க் அடியிலயே படுத்துக் கிடக்கும், மூக்குக்கு வாடை தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. சோப்புத்தண்ணி ஊத்தி மூணு தடவ கழுவுனா போதும்னு எவனாவது சொன்னா அவன் பட்டறைக்குள்ள போகாத. வெந்நீராவி விட்டு மணிக்கணக்கா கழுவி, அப்புறம் ஆர்கான் ஓட விட்டுத்தான் தொடணும். நான் இப்பல்லாம் பெட்ரோல் டேங்க் வேலையே எடுக்கதில்ல.

பாளை_மெக்கு:
நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல

பேட்டை_ஓட்டம்:
சாரி அண்ணாச்சி சோலில இருந்தேன். 96 கார்பரேட்டர் எஸ்டீம், அதுல பலேனோ 1.6 இன்ஜின் போட்டுருக்கேன். டேங்க் பழசுதான். வெளிய அடியில மணிக்கு 255 லிட்டர் தள்ளுத பம்பு, பிரஷர் ரெகுலேட்டர்ல இருந்து மிச்ச பெட்ரோல் ரிட்டர்ன் பைப்புல டேங்குக்கே போகுது. நேர் ரோட்டுலதான் நிக்கி, நாலு வழிச்சாலைல.

சட்டம்_தெரியும்:
இன்ஜின் மாத்துனத ஆர்.சி.ல ஏத்தியாச்சா? வண்டிய இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிட்டு.

ட்ராக்_பழசு:
நான் அப்பவே சொன்னேன்லா. கார்பரேட்டர் டேங்க்ல உள்ள பெட்ரோல தேக்கி வைக்குத கப்பு கிடையாது, அங்க 3 பார் அழுத்தத்து பம்ப மாட்டுனா காத்த இழுக்கத்தான் செய்யும். எழுதி வச்சுக்க. டேங்க்ல இருந்து ஒரு சின்ன லிஃப்ட் பம்பு, அது ஒண்ணரை லிட்டர் சர்ஜ் டேங்க நிரப்பணும். சர்ஜ் டேங்க் அடியில இருந்து 255 பம்பு இழுக்கும். இன்ஜெக்டர் மாட்டிருக்க ஃப்யூவல் ரெயில்ல இருந்து வருத ரிட்டர்ன் சர்ஜ் டேங்குக்குத்தான் போணும், மெயின் டேங்குக்கு இல்ல. பாதிப் பேரு இங்கதான் கோட்டை விடுவான். ரிட்டர்ன மெயின் டேங்க்ல விட்டா நிமிஷத்துக்கு நாலு லிட்டருக்கு மேல சர்ஜ் டேங்க்ல இருந்து போயிரும், லிஃப்ட் பம்பு ரெண்டு லிட்டர்தான் தருதுன்னா ஒரு நிமிஷத்துல காலி. நிரம்பி வழியுததுக்கு மேல இருந்து ஒரு பைப்பு மெயின் டேங்குக்கு. பம்புக்கு தனி ரிலே, கனமான வயரு.

அம்பை_காத்து:
அதெல்லாம் சரி, ஹோஸ் மாத்துனானா இல்லயா? E20 வந்ததுல இருந்து என் வண்டி மைலேஜே போச்சு.

கொக்கிரகுளம்:
எத்தனாலுக்கு சத்து கம்மி, கொஞ்சம் மைலேஜ் குறையும். அதுக்காக சவத்த எல்லாத்துக்கும் அது தலையிலயே போடாதீரும். மழை நேரத்துல பங்க் டேங்க்ல தண்ணி இறங்குதுல்லா, அத யாரு கேக்கா?

அம்பை_காத்து:
அதத்தான வே நானும் சொல்லுதேன். எத்தனால்தான் தண்ணிய இழுக்கும், அளவு மீறுனா ரெண்டும் பிரிஞ்சு அடியில தங்கும். ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வச்சு பாரும்.

கொக்கிரகுளம்:
பாத்தேன். தெளிவா இருந்துச்சு. வேற பங்க்குல போடும்.

அம்பை_காத்து:
எந்த பங்க்குல போட்டாலும் இப்ப அதான் வருது. பேசத் தெரியலன்னா விடும்.

வள்ளியூர்_டீசல்:
ஒரு சின்ன சந்தேகம் தம்பி. நின்ன பொறவு பெட்ரோல் மூடியத் திறக்கும்போது புஸ்ஸுனு காத்து உள்ள இழுக்கா? டேங்க்ல எவ்வளவு இருக்கும்போது எவ்வளவு தூரம் ஓடி நிக்கின்னும் சொல்லு. டேங்க்குக்குள்ள காத்து போக வர இருக்க ப்ரீதர் பைப்பு எங்க போகுது?

பேட்டை_ஓட்டம்:
அய்யோ ஆமா. மூடி திறக்கவே இறுக்கமா இருக்கும், புஸ்ஸுனு பெருசா வரும். வெயிலுக்குன்னு நெனச்சேன். அரை டேங்க்ல கெளம்புனா வள்ளியூர் கிட்ட வரைக்கும் வந்துருவேன். போன வாரம் ஃபுல் அடிச்சேன், அன்னைக்கு மூன்றடைப்பு கூட தாண்டல. மூடி புது லாக் மூடி. ப்ரீதர் பைப்பு டிக்கிக்குள்ள தொங்குச்சு, பெட்ரோல் வாடை தாங்கலன்னு ஒரு போல்ட்ட சொருகி கிளிப் போட்டு இறுக்கி வச்சுருக்கேன்

பாளை_மெக்கு:
இத முதல்லயே சொல்லிருக்கக் கூடாதா லே

வள்ளியூர்_டீசல்:
பெட்ரோல் போட்டதால ஓடல தம்பி, மூடியத் திறந்ததால ஓடுச்சு. எண்ணெய் டின்னுல ஒத்த ஓட்டை போட்டு சாய்ச்சா குபுக்கு குபுக்குனு நின்னு நின்னு வருமுல்லா, எதிர் மூலையில இன்னொரு ஓட்டை போட்டாத்தான் ஒழுங்கா ஒழுகும். அதான் இது. பம்பு 255 லிட்டர் சுத்துனாலும் முக்காவாசி ரிட்டர்ன்ல திரும்பிரும், இன்ஜின் குடிக்க அளவுக்குத்தான் உள்ள காத்து வரணும். வழியில்ல, அதனால கொஞ்சம் கொஞ்சமா உள்ள வெற்றிடம் ஏறுது, 20 கிலோமீட்டர் 40 கிலோமீட்டர்னு ஆகுது. ஃபுல் டேங்க்ல மேல காத்து இடம் கம்மி, அதான் சீக்கிரமே நின்னுருக்கு. பெட்ரோல் எட்டாத பிரச்சனைன்னா ஃபுல் டேங்க்ல நிக்கவே கூடாதே. ரிட்டர்ன்ல வருத சூடு பெட்ரோல் வேற, அழுத்தம் குறைஞ்சா பம்பு வாசல்லயே ஆவியாயிரும். அந்த டொம்மு சத்தம் பெட்ரோல் மோதுதது இல்ல, டேங்க் தகடு உள்ள நெளியுத சத்தம். குனிஞ்சு பாரு, பள்ளம் விழுந்திருக்கும்.

ட்ராக்_பழசு:
ப்ரீதர நானும் சொல்லத்தான் இருந்தேன், அது அடிப்படை. ஆனா ட்ராக்குக்கு போனா வளைவுல கட்டாயம் சர்ஜ் டேங்க் வேணும், பாத்துக்கிடுங்க.

வள்ளியூர்_டீசல்:
வேணும்தான், நான் இல்லங்கல. ரோட்டுல நிக்கதுக்கு அது மருந்து இல்லங்கேன். தம்பி, போல்ட்ட புடுங்கிட்டு பைப்ப டிக்கிக்குள்ளயே தொங்க விட்டுராத, ஆவி அடைச்சு கிடக்கும். வெளிய எடுத்து டேங்க்கு மேல மட்டத்துக்கு கொண்டு போயி, கவுந்தா அடைக்குத ரோல் ஓவர் வால்வு வச்சு, பெட்ரோல் ஆவிய உறிஞ்சுத கரி கேனிஸ்டர்ல குடு. பழைய கேனிஸ்டர் இருக்குல்லா?

பேட்டை_ஓட்டம்:
போல்ட்ட எடுத்தாச்சு. காவல்கிணறு போய்ட்டு திரும்பி வந்தேன், நிக்கல. டேங்க் அடியில சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு பள்ளம் இருக்கு 🙏🙏 ரொம்ப நன்றி

வள்ளியூர்_டீசல்:
கேனிஸ்டர் கேட்டேனே? இப்போ அந்தப் பைப்பு எங்க இருக்கு?

தகரப்பட்டறை:
டிக்கிலதான் தொங்கும். பீடி பத்த வைக்காதன்னு சொல்லுங்க.

அம்பை_காத்து:
எதுக்கும் ஹோஸையும் மாத்திரட்டும்.

களக்காடு_கவின்:
அண்ணே எனக்கும் இதே ப்ராப்ளம்தான், ஆனா டீசல் வண்டி. ஹெல்ப் ப்ளீஸ்

பாளை_மெக்கு:
என்ன வண்டி? எந்த வருஷம்?