புதுப்பிப்பு: தலைவரைப் பார்த்துவிட்டேன்!

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: 'ஜெயிலர் 2' படப்பிடிப்பு கேரளாவின் அட்டப்பாடியில் நடக்கிறதாம், கோவையிலிருந்து கிளம்பிப் போனால் ரஜினியைப் பார்க்க முடியுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று போய் வந்தேன்.

தடாகம், மாங்கரை வழியாக விடியற்காலையிலேயே பைக்கில் கிளம்பினேன். மாங்கரை தாண்டினால் யானைகள் நடமாடும் காட்டுப்பாதை, அதனால் மெதுவாகத்தான் போனேன். ஆனைகட்டியில் ஒரு டீ. அப்புறம் எல்லை தாண்டினால் பாலக்காடு மாவட்டம்.

செட் பக்கம் யாரையும் விடவில்லை. அது சரிதான், அவர்களும் வேலை செய்ய வேண்டுமே. "அண்ணா, ரோட்டோரமா நில்லுங்க, கார் இந்த வழியாத்தான் வரும்" என்றார் கடைக்காரத் தம்பி ஒருவர். மூன்று மணி நேரம் நின்றோம். தமிழ், மலையாளம் இரண்டிலும் ஒரே பேச்சு: 'ஜெயிலர்' படத்தில் தலைவர் நடித்த முத்துவேல் பாண்டியன்.

கார் வந்தது. மேற்கூரை திறந்து தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். பத்து நொடிகூட இருக்காது. போனை எடுக்கவே தோன்றவில்லை, கை தானாகக் கும்பிட்டுவிட்டது. 2023 ஆகஸ்ட் 10, முதல் பாகத்தின் முதல் காட்சியில் தொண்டை கட்டும் வரை கத்தினேன். நேற்று ஒரு சத்தமும் வரவில்லை.

போட்டோ கேட்டவர்கள் மன்னிக்கணும். அடுத்த சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பாட்ஷா காலத்திலிருந்தே அவர் ரசிகை.