அப்பாவுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. திங்கட்கிழமையிலிருந்து வலப்பக்கம் பார்த்தால் பஸ் இரண்டாகத் தெரிகிறதாம். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடுகிறது. ஆறாவது நரம்பு என்றார் டாக்டர். கண்ணுக்கு அத்தனை நரம்பா?

பதில்: அசைவுக்கு மூன்றுதான்: மூன்றாவது, நான்காவது, ஆறாவது மூளை நரம்புகள். ஆறாவது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும். நான்காவது கெட்டால் படி இறங்கும்போது ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் இவை இரண்டும் ஆளுக்கொன்றை இயக்கும்; மீதி நான்கும் மூன்றாவதின் பொறுப்பு.

பதில்: கண் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். சர்க்கரையால் வந்தது பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும்; அதுவரை வண்டி ஓட்டவே வேண்டாம். ஆனால் இமை தொங்கி, கண்மணி விரிந்து, தலைவலியும் வந்தால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் அம்மா. மூளை ரத்தக்குழாயின் புடைப்பு மூன்றாவது நரம்பை அழுத்தலாம்.

கேட்டவர்: இமை நன்றாக இருக்கிறது. ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துவிட்டேன். ரொம்ப நன்றி.