சனிக்கிழமை மான்டிசெல்லோ: யார் யார்?

அண்ணன்: காலை 10 மணிக்கு டிக்கெட் போடுகிறேன். இன்று இரவுக்குள் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.

அக்கா: நாங்கள் 4

சித்தி: அது என்ன, கோயிலா?

பெரியப்பா: கோயில் இல்லைம்மா. அமெரிக்காவின் 3-ஆவது ஜனாதிபதி ஜெபர்சன் கட்டிய வீடு. வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் பக்கம், குன்றின் மேல். முக்கியமாகப் பார்க்க வேண்டியது சாப்பாட்டு அறை. சுவரெல்லாம் முட்டைக்கரு மஞ்சள். கணப்பின் இரண்டு பக்கமும் குட்டி லிப்ட், கீழே நிலவறையிலிருந்து ஒயின் பாட்டில் ஏறி வரும். ஒரு கதவு நடு அச்சில் சுழலும். அதன் ஒரு பக்கம் தட்டு அடுக்க அலமாரிப் பலகைகள். கதவைத் திருப்பினால் பதார்த்தம் மட்டும் உள்ளே வரும், கொண்டுவந்த ஆள் வெளியிலேயே.

அத்தை: அண்ணா, உங்கள் பெண் கல்யாணத்தில் அந்தக் கதவு இருந்திருந்தால் இரண்டாவது பந்திக்கும் பாயசம் வந்திருக்கும்.

அக்கா: அத்தை 🙏 15 வருஷம் ஆச்சு

சித்தி: குன்றா? என் முட்டி?

அண்ணன்: பஸ்ஸில் மேலே கொண்டுபோய் விடுவார்கள் சித்தி. எத்தனை பேர்???

பெரியப்பா: 1824 நவம்பரில் லஃபாயெட் வந்தார், அமெரிக்கச் சுதந்திரப் போரில் உதவிய பிரெஞ்சுத் தளபதி. ஜெபர்சனுக்கு 81, இவருக்கு 67. பார்த்து 35 வருஷம். வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்று முன்னாள் ஜனாதிபதி மேடிசன் வந்து சேரும்போது இனிப்பு பரிமாறத் தொடங்கிவிட்டார்களாம்.

அக்கா: சித்தப்பா மாதிரி

சித்தப்பா: நான் எதுவும் சொல்லவில்லை

தம்பி: அமெரிக்கத் தலைநகர் எங்கே என்று பேசி முடித்தது இந்த மேஜையில்தானே?

பெரியப்பா: இல்லை. அது 1790, நியூயார்க்கில் அவர் குடியிருந்த வீடு. கூட அப்போதைய நிதியமைச்சர் ஹாமில்டனும் மேடிசனும்.

சித்தி: ஜெபர்சன் சைவமா?

பெரியப்பா: காய்தான் அதிகம். கறி தொட்டுக்கொள்ள மட்டும்.

சித்தி: அது எந்த ஊர் சைவம்

பெரியம்மா: வந்தவர்களை எல்லாம் சொன்னீர்கள். சமைத்தது யார்?

பெரியப்பா: ஈடித் ஃபாசெட். அடிமைப் பெண். ஜனாதிபதி மாளிகையில் பிரெஞ்சு சமையல்காரரிடம் தொழில் பழகியவர். ஜெபர்சன் கடனோடு இறந்தார். ஈடித்தின் கணவருக்கு உயிலில் விடுதலை. 1827 ஜனவரியில் நடந்த ஏலத்தில் இவரையும் பிள்ளைகளையும் விற்றார்கள்.

பெரியம்மா: அந்தக் கதவு எதற்கு என்று இப்போது புரிகிறது. எனக்கு முதலில் சமையலறையைக் காட்டு.

அண்ணன்: சரி பெரியம்மா.

அத்தை: புளியோதரை நான். தயிர்சாதம் யார்?

சித்தப்பா: நான் நேராக அங்கே வந்துவிடுகிறேன்

அத்தை: இனிப்பு நேரத்துக்கா

அண்ணன்: அப்போ 9 டிக்கெட் போடுகிறேன்.

சித்தி: நான் வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லையே