புதுப்பிப்பு: காட்பாடி கட்டட வேலை இப்போது எப்படி?
காட்பாடியில் நான் மேற்பார்க்கும் கட்டடம் மூன்று வாரம் பின்தங்கியதைப் போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று தாளில் வரைந்தேன். தாமதம் கொத்தனார்களால் இல்லை. ஜன்னல், ஒயரிங் முடிவுகளை நான் தள்ளிப்போட்டதால்தான்.

நம்ம ஊர் வெயிலில் கான்கிரீட்டுக்கு 10 நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 சொல்வதும் அதுதான். அதில் நாள் குறைக்கவில்லை. அந்த இடைவெளியில் ஜன்னல், டைல்ஸ் ஆர்டரை முடித்தோம்.

அப்புறம், மேஸ்திரியிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டேன். "நாளைக்கு எது தடையா இருக்கும், அண்ணே?" என்று கேட்கிறேன். பெரிய மாற்றம் இதுதான். மணல் வராது என்பதுகூட முந்தின நாளே தெரிந்துவிடுகிறது. மூன்று வாரத் தாமதத்தில் இப்போது பாக்கி ஒரு வாரம்தான்.