முதல் பெர்பெச்சுவல் கைக்கடிகாரம்: படேக் 97975-க்கு அந்தப் பட்டம் தகுமா?

பல்சக்கரம்:
சுவிஸ் கம்பெனி படேக் ஃபிலிப்பின் 97975 என்ற வாட்சைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே பல்லவி. "உலகின் முதல் பெர்பெச்சுவல் காலண்டர் கைக்கடிகாரம், 1925." முப்பதா முப்பத்தொன்றா, பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்று தானே பார்த்துத் தேதி மாற்றும் வாட்ச். சரி. ஆனால் உள்ளே ஓடும் மூவ்மென்ட், அதாவது இயந்திரம், 1898-ல் செய்தது. பெண்கள் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிடும் பதக்கக் கடிகாரத்துக்காகச் செய்தது. இருபத்தேழு வருஷம் கழித்து, சித்திர வேலை செய்த தங்கக் கூடு ஒன்றில் வைத்து வாரைக் கட்டினார்கள். 1927-ல் தாமஸ் எமெரி என்ற அமெரிக்கர் வாங்கினார். இன்று ஜெனீவாவில் படேக்கின் சொந்த மியூசியத்தில் இருக்கிறது.

கூடு மாற்றியதற்கெல்லாம் வரலாற்றில் முதலிடமா? ஆரம்பத்திலிருந்தே மணிக்கட்டுக்கு என்று திட்டமிட்டு பெர்பெச்சுவல் செய்தது பிரெகே என்ற இன்னொரு கம்பெனி, 1929-ல். பட்டம் அங்கே போகட்டும்.

நொடிமுள்:
அண்ணே, நீங்க குறையா சொல்றதுதான் அந்த வாட்சோட பெருமையே.

பெர்பெச்சுவல் காலண்டர் 1762-லேயே வந்தாச்சு, லண்டன்ல தாமஸ் மட்ஜ் பண்ணினது. பாக்கெட் வாட்ச். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல இந்த வேலை ஆண்கள் சட்டைப்பையிலேயே இருந்துச்சு. பையில இடம் தாராளம், சுருக்கணும்னு யாருக்கும் அவசரம் இல்லை. பெண்கள் கழுத்துல தொங்கணும்னு வந்தப்போதான் சுருங்கியே ஆக வேண்டிய கட்டாயம். முதல் உலகப் போர் முடிஞ்சு ஆண்களும் வாட்சைக் கையில கட்ட ஆரம்பிச்சப்போ, மணிக்கட்டுக்கு ஏத்த பெர்பெச்சுவல் ஏற்கெனவே தயாரா இருந்துச்சு. 34.4 மிமீ விட்டம்தான் அந்த வாட்ச். இன்னைக்கும் நிறைய பேர் அதைவிடப் பெரிசா கட்டிக்கிட்டுத் திரியறாங்க.

பிப்ரவரி29:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. முதல்ல வந்தது எதுன்னு பார்க்கிறதை விட, கட்டினவனுக்கு உபயோகமா இருந்தது எதுன்னு பாருங்க. ஆடெமார் பிகே கம்பெனியோட 5516 மாடல், 1955. லீப் வருஷச் சுழற்சியில இப்போ எத்தனாவது வருஷம்னு டயல்லயே காட்டின முதல் கைக்கடிகாரம். மொத்தமே ஒன்பதுதான் செஞ்சாங்க.

இது இல்லாத வாட்ச் ஒரு மாசம் நின்னு போச்சுன்னு வைங்க. திரும்ப ஓட வைக்கிறப்போ அது எந்த வருஷத்துல நிக்குதுன்னு மேலேர்ந்து பார்த்தா தெரியாது. பிப்ரவரி வரைக்கும் தள்ளி, 28-க்கு அப்புறம் 29 வருதான்னு பார்த்துக் கண்டுபிடிக்கணும். வரலைன்னா இன்னும் பன்னிரண்டு மாசம் தள்ளணும். படேக் பின்னால கொண்டு வந்த 1526 மாடலுக்கும் இதே கதிதான்.

வெட்டிப்பேச்சு:
இதில் ஒன்றைக்கூட நம்மில் யாரும் வாங்கப் போவதில்லை. சண்டைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. தொடருங்கள், டீயோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நொடிமுள்:
@பிப்ரவரி29, 5516 மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா லீப் வருஷ முள்தான் திருப்புமுனைன்னா, அதே கம்பெனி 1978-ல 5548 கொண்டு வந்தப்போ அதை ஏன் விட்டுட்டாங்க? பேட்டரியில ஓடற குவார்ட்ஸ் வாட்ச் வந்து சுவிஸ் தொழிலே ஆட்டம் கண்டிருந்த நேரம். 3.95 மிமீ தடிமன் மூவ்மென்ட்ல ஆட்டோமேட்டிக் (கை அசைவுலயே சாவி ஏறுற) பெர்பெச்சுவல், அப்போ அந்த வகையில உலகத்திலேயே மெல்லிசு. ஆனா டயல்ல லீப் வருஷம் கிடையாது. அப்படியும் வித்துச்சு.

பிப்ரவரி29:
விற்றதால அது சரின்னு ஆயிடுமா? பின்னால வந்த பதிப்புகள்ல அதே முள்ளை அவங்களே திரும்பக் கொண்டு வந்தாங்களே, அதையும் சொல்லுங்க.

பல்சக்கரம்:
நொடிமுள் தம்பி, உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை. தயாராக இருந்தது என்கிறீர்கள். ஒன்றே ஒன்றுதானே இருந்தது? 97975-க்குப் பிறகு படேக் பெர்பெச்சுவல் கைக்கடிகாரத்தைத் தொடர் மாடலாகக் கொண்டு வந்தது 1941-ல்தான். 1526, மொத்தம் 210. அதே வருஷம் கிரோனோகிராஃபும் (ஸ்டாப்வாட்ச்) சேர்த்து 1518, மொத்தம் 281. அதில் எஃகுக் கூட்டில் தெரிந்தவை நாலே நாலு. ஒன்று 2016-ல் ஜெனீவா ஏலத்தில் 1.1 கோடி சுவிஸ் ஃபிராங்கைத் தாண்டியது. பரம்பரை அங்கே ஆரம்பிக்கிறது. 97975 பிள்ளை குட்டி இல்லாத ஒற்றை ஆள்.

நொடிமுள்:
எண்ணிக்கையை வெச்சு அளந்தா, நீங்க கொண்டு வந்த பிரெகேவும் அடிபட்டுப் போகுமே அண்ணே!

இயந்திரத்துக்கு வருவோம். பெர்பெச்சுவல்ல பரவலான அமைப்பு 48 மாசச் சக்கரம். நாலு வருஷத்துக்கு ஒரு சுற்று. விளிம்புல இருபது பள்ளம் வெட்டியிருக்கும்: முப்பது நாள் மாசங்களுக்குப் பதினாறு, சாதா பிப்ரவரிக்கு ஆழமா மூணு, லீப் பிப்ரவரிக்கு அதைவிடக் கொஞ்சம் மேலோட்டமா ஒண்ணு. நெம்புகோலோட மூக்கு அந்தப் பள்ளத்துல எவ்வளவு இறங்குதோ, மாசக் கடைசியில தேதிச் சக்கரத்தை அவ்வளவு பல் கூடுதலா தள்ளும். 28-க்கும் 29-க்கும் வித்தியாசமே அந்தக் கொஞ்சூண்டு ஆழம்தான். சக்கரம் சின்னதாக ஆக, அந்த வித்தியாசமும் சுருங்கும். அரத்தோட உட்கார்ந்திருக்கறவனுக்குப் பிழைக்க இடமே இல்லை.

இது போக இன்னொண்ணு. நிறைய பெர்பெச்சுவல்ல ராத்திரி தேதி ஊர்ந்து ஊர்ந்து மாறும். 97975-ல எல்லாம் நள்ளிரவுல ஒரே தாவல். அதுக்கு நாள் முழுக்க ஒரு ஸ்ப்ரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி வெச்சு, பன்னிரண்டு மணிக்கு டப்புனு விடணும். இழுக்கற சக்தியெல்லாம் வாட்சை ஓட்டற அந்தக் குட்டி மெயின் ஸ்ப்ரிங்லேர்ந்துதான் வரணும். மணி பிசகவும் கூடாது. இதைப் பண்ணினவங்களைப் பார்த்து "கூடு மாத்தினாங்க"ன்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வரலை.

பல்சக்கரம்:
நீங்கள் புகழ்ந்தது அத்தனையும் 1898-ன் வேலை. சுருக்கியது அப்போது, தாவ வைத்தது அப்போது. அப்படியானால் 1925-ஐ எதற்குக் கொண்டாடுகிறீர்கள்? "உலகின் முதல் குட்டி பெர்பெச்சுவல், பெண்கள் பதக்கத்துக்காக, 1898" என்று எழுதுங்கள். நானே முதல் ஆளாக ஆமோதிக்கிறேன். கைக்கடிகாரம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

நொடிமுள்:
1927-ல காசு கொடுத்த எமெரி அதை வாங்கினது கழுத்துல தொங்கவிடவா அண்ணே? நான் 1925-லயே நிக்கிறேன்.