எடைக்கு எடை ஒரு ஜோடி: தில்லியில் பள்ளி மல்யுத்தம் தொடங்கிய அனுபவங்கள்

ஆர்.கே. புரத்திலிருந்து ஒரு தந்தை

தில்லியில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களில் விளையாட்டு என்ற பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கிப் பூப்பந்தில் முடிந்துவிடும். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, பள்ளியில் குஸ்தி சொல்லித்தரப் போகிறார்கள், நானும் பெயர் கொடுத்துவிட்டேன் என்று சொன்னபோது, அவன் அம்மா முதலில் கேட்டது, அசைவம் சாப்பிடச் சொல்வார்களா என்பதுதான். தில்லியின் பழைய அகாடாக்கள், அதாவது குஸ்திப் பயிற்சிக்கூடங்கள், பலவற்றில் பாலும் நெய்யும் பாதாமும்தான் உணவு என்றும், சக்தி நகர் பக்கத்தில் பல தலைமுறைப் பயில்வான்களை உருவாக்கிய குரு ஹனுமான் சைவ உணவையே வலியுறுத்தியவர் என்றும் அறிந்த பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

மகனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் ரவி குமார் தஹியா 2–9 என்று பின்தங்கியிருந்து, எதிராளி கையைக் கடித்தபோதும் பிடியை விடாமல் அவரை மல்லாத்தி வென்றதை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அவர் பயிற்சி பெற்றது இதே ஊரில், மாடல் டவுனில் உள்ள சத்ரசால் ஸ்டேடியத்தில் என்று தெரிந்ததும், அங்கே சேர்த்துவிடுங்கள் என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளி நாட்களில் ஹவுஸ் காஸில் மெட்ரோ மாறி அவ்வளவு தூரம் போய்வருவது நடக்கிற காரியமல்ல. ஆகவே பள்ளியிலேயே பயிற்சி தொடங்குகிறது என்றதும் எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

பயிற்சியாளர் சோனிபத் பக்கத்தைச் சேர்ந்தவர், ராணுவத்தில் மல்யுத்தம் ஆடி ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் அவரை குருஜி என்றே அழைத்தார்கள். முதல் வாரத்தில் பதினொரு பையன்கள் வந்தார்கள். ஒன்றரை மாதத்தில் அது ஐந்தாகக் குறைந்தது. படிப்புச் சுமை, தோள் வலி, பாட்டிக்குப் பிடிக்கவில்லை என்று பெற்றோர் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் சனிக்கிழமைகளில் ஓரமாக உட்கார்ந்து பார்த்த வரையில், விலகிய ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அவர்களில் ஒருவனுக்கும் தன் எடையில் ஒரு ஜோடி இல்லை.

மல்யுத்தம் தெரியாதவர்களுக்கு இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பந்து வீசுகிற பையன் சுவரைப் பார்த்து வீசிப் பழகலாம். மல்யுத்தத்திலும் தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல் எல்லாம் தனியாகச் செய்யலாம். ஆனால் அகாடாவில் ஜோர் என்று சொல்லப்படும் பயிற்சிச் சண்டைக்கு எதிரே ஓர் உடம்பு வேண்டும், அதுவும் ஏறத்தாழ அதே எடையில் வேண்டும். பத்துக் கிலோ வித்தியாசத்தில் இருவரை மோதவிட்டால் இருவருக்குமே நஷ்டம். இளைத்தவன் தப்பிக்க மட்டும் கற்றுக்கொள்கிறான், கனத்தவனோ நுணுக்கம் எதுவும் இல்லாமல் அழுத்தியே ஜெயித்துவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறான். 34 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன் முதல் மூன்று வாரமும் 43 கிலோ பையனிடம் விழுந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் எழுந்து, முழங்கையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, மறுபடியும் போய்க் குனிந்து நின்றான். நான்காவது வாரம் அவன் வரவில்லை. அவனைக் கோழை என்று யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பெற்றோர் குருஜியுடன் உட்கார்ந்து, பள்ளி மல்யுத்தம் என்றால் முதலில் எண்ணவேண்டியது பதக்கத்தையல்ல, ஜோடிகளை என்று முடிவு செய்தோம். பதினேழு வயதுக்குட்பட்ட பையன்களுக்குச் சர்வதேச விதிப்படி 45 கிலோவிலிருந்து 110 கிலோ வரை பத்து எடைப்பிரிவுகள் இருக்கின்றன. ஒரே பள்ளியில் அத்தனைக்கும் இரண்டிரண்டு பேர் கிடைப்பது நடக்காது. எனவே ஒரு எடை இயந்திரத்தை வாங்கி வாசலில் வைத்து, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை எல்லோருடைய எடையையும் ஒரு நோட்டில் எழுதினோம். யாருக்கு ஜோடி இல்லையோ அவர்கள் பெயரைச் சிவப்பு மையில் வட்டமிட்டோம். பின்னர் அந்த நோட்டோடு பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். அங்கே ஹரியானாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். வீட்டிலேயே தாத்தாவிடம் குஸ்தி கற்ற பையன்கள் சிலருக்கு ஆட இடமில்லை. எங்களிடம் இடம் இருந்தது, ஆள் இல்லை. செவ்வாயும் சனியும் இரு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து பயிற்சி செய்வது என்று ஏற்பாடாயிற்று.

விலகிய அந்தச் சிறுவனின் வீட்டுக்கு நானே போய், உன் எடையில் ஒருவன் வந்திருக்கிறான் என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வந்தான். புதிய பையன் 35 கிலோ. இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டி, ஒருவன் பிடரியில் ஒருவன் கையை வைத்துக்கொண்டு, கால்களை முன்னும் பின்னும் மாற்றியபடி வெகுநேரம் நின்றார்கள். திடீரென்று நம் பையன் முழங்காலைத் தரையில் ஊன்றி உள்ளே புகுந்து, எதிராளியின் ஒற்றைக் காலை மார்போடு அணைத்துத் தூக்கிவிட்டான். இதை இங்கே ‘பட்’ என்பார்கள். எல்லோரும் முதலில் கற்கும் பிடி அதுதான். அவன் அதை முன்பே வாரக் கணக்கில் பழகியிருந்தும், உண்மையான எதிர்ப்பின் முன்னால் அது பலித்தது அன்றுதான். இந்த விளையாட்டில் பிள்ளையை நிறுத்திவைப்பது அந்த ஒரு கணம்தான் என்று நான் நம்புகிறேன்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. எங்களிடம் இருந்தவை ஜூடோவுக்கான துண்டுப் பாய்கள். கால் விரல் அவற்றின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பையன்களின் கட்டைவிரல் நகம் பெயர்ந்த பிறகு பெற்றோர் பணம் சேர்த்து மீரட்டிலிருந்து ஒரே பரப்பாக விரியும் மேட் ஒன்றை வாங்கினோம். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆண்டு விழாவுக்கு ஹால் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அதைச் சுருட்டி, மழை ஒழுகும் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். பிரித்தபோது ஒரு பக்கம் முழுவதும் பூஞ்சை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. நவம்பர் மாதக் காற்று இன்னொரு தடை. புகை கூடிய நாட்களில் மூச்சு வாங்கும் பயிற்சி எதுவும் வேண்டாம் என்று குருஜியிடம் கேட்டுக்கொண்டோம், அவரும் பிடிகளை மெதுவாகச் செய்து காட்டும் வகுப்பாக அதை மாற்றிக்கொண்டார்.

என்னை மிகவும் கலங்கவைத்தது 2024இல் நடந்தது. அந்த ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்ததற்காக இறுதிப் போட்டியன்று தகுதியிழந்தார். இரண்டு நாள் கழித்து, 57 கிலோ பிரிவில் அமன் ஷெராவத் வெண்கலம் வென்றார். அவர் முந்தைய இரவில் சுமார் பத்து மணி நேரத்தில் நாலரைக் கிலோவுக்கு மேல் குறைத்தார் என்று செய்தி வந்தது. பிள்ளைகள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், எடையைக் குறைப்பது வீரம் என்பது. செப்டம்பரில் மண்டலப் போட்டிக்கு நான்கு நாள் முன்பு, என் மகன் ஸ்வெட்டருக்குள் குப்பைப் பையைச் சுற்றிக்கொண்டு மலை மந்திர் ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, உதடு வெடித்திருந்தது. அவன் எடை 52.6, போக நினைத்த பிரிவு 51.

அமெரிக்காவில் 1997இல் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப்போய் இறந்தார்கள். பின்னர் அங்கே உயர்நிலைப் பள்ளிகளிலும் விதிகள் கடுமையாயின. மாணவர்களின் உடற்கொழுப்பு 7 சதவீதத்துக்கும் மாணவிகளுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகும் அளவுக்கு எடைப்பிரிவைத் தேர்ந்தெடுக்க முடியாது, உடலில் நீர்ச்சத்து இருக்கிறதா என்றும் சோதித்துவிட்டுத்தான் எடை பார்ப்பார்கள். இதையெல்லாம் அவனிடமும் குருஜியிடமும் அன்றிரவே பேசினேன். அவனை 55 கிலோவில் இறக்கினோம். முதல் சுற்றிலேயே 10–0 என்று தோற்றான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்போதும் சரி, இப்போதும் சரி, நான் செய்தது சரியென்றே நினைக்கிறேன்.

மயூர் விஹாரிலிருந்து ஒரு தாய்

ஜோடி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மகளின் நினைவுதான் வந்தது. அவளுடைய பள்ளியில் மல்யுத்தத்துக்கு வந்த பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி 40 கிலோ, மற்றவள் 57. என் மகள் முதல் ஆண்டு முழுவதும், தன்னைவிட இரண்டு வயது இளைய, அதே எடையுள்ள ஒரு பையனுடன்தான் ஜோர் செய்தாள். பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டுதான் இது நடந்தது. வளர்ந்த பிறகு இது தொடராது என்பதால், மற்றப் பெண்களைத் தேடுவதுதான் எங்கள் முதல் வேலையாயிற்று.

தேடும்போது தாய்மார்கள் கேட்ட கேள்வி வேறு. நாங்கள் ஆள் சேர்த்த ஆண்டு 2023. ஜந்தர் மந்தரில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்ஷி மாலிக் உட்பட வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால் என் பெண்ணுக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டால், கவலைப்படாதீர்கள் என்ற வார்த்தை போதாது. ஆகவே விதிகளை எழுதிக் கதவில் ஒட்டினோம். பயிற்சி நடக்கும்போது ஹாலின் இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேராவது உள்ளே இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பிடியை விளக்கும்போது பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும்தான் தொட்டுக் காட்டலாம். பிள்ளைகளுக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்கு ஒரு தாய் கட்டாயம் உடன் போக வேண்டும். எங்கள் பயிற்சியாளர் இதைத் தன்மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்ளாமல், தமக்கும் இது பாதுகாப்பு என்று சொன்னபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடிற்று. தாய்மார்கள் முறைபோட்டு உட்காருகிறோம். அதனாலேயே பெண்கள் ஒன்பது பேர் ஆனார்கள்.

என் மாமியாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த அவருக்குப் பேத்தி குஸ்தி போடுவதில் விருப்பம் இல்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் போட்டியில் தலைமுடி கண்ணில் விழக் கூடாது, ஹேர்பின் போன்ற உலோகப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று மகள் சொன்னதும், அந்தப் பொறுப்பை அவர் தாமாகவே எடுத்துக்கொண்டார். சாதாரண ரெட்டைச் சடை முதல் சுற்றிலேயே அவிழ்ந்துவிட்டது. பிறகு நெற்றியிலிருந்தே மண்டையை ஒட்டி இழுத்துப் பின்னி, நுனிகளைப் பிடரியில் உள்ளே மடக்கி, கறுப்பு நூலால் தைத்துவிடுகிறார். காலை ஐந்து மணிக்கு மகளைத் தரையில் உட்காரவைத்து, ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, நாற்பது நிமிடம் அந்த வேலை நடக்கும். மற்றப் பெண்களும் இப்போது போட்டி நாட்களில் விடிவதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

கரோல் பாக்கிலிருந்து ஒரு தோல் மருத்துவர்

மேட்டில் பூஞ்சை படிந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை தோலில் வரும் பூஞ்சை. மல்யுத்தம் ஆடும் பிள்ளைகளிடம் படர்தாமரை மிக எளிதாகப் பரவும். என்னிடம் வந்த ஒரு குழுவில் ஏழு பையன்களுக்குக் கழுத்திலும் முன்கையிலும் வட்டவட்டமாக இருந்தது. அவர்களில் ஐந்து பேர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய, ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அது இரண்டு நாளில் அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். பிறகு குணமாக்க மாதங்கள் ஆகும். தயவுசெய்து அந்தக் களிம்புகளைத் தொடாதீர்கள்.

அமெரிக்கப் பள்ளிகளில், உடலில் படர்தாமரை இருந்தால் குறைந்தது 72 மணி நேரச் சிகிச்சைக்குப் பிறகும், தலையில் இருந்தால் 14 நாள் மருந்துக்குப் பிறகும்தான் மாணவரை மேட்டில் இறக்குவார்கள். இங்கும் அதையே கடைப்பிடிக்கலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் மேட்டைக் கிருமிநாசினி கொண்டு துடையுங்கள், வெளிச் செருப்போடு யாரையும் ஏறவிடாதீர்கள், வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள், துண்டை ஒருவருக்கொருவர் கொடுக்கவிடாதீர்கள். காது வீங்கி மெத்தென்று ஆனால் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள். குருத்தெலும்பின்மேல் தேங்கிய ரத்தத்தை உடனே எடுத்துவிட்டால் காது பழைய வடிவத்துக்கு வந்துவிடும். விட்டுவிட்டால் அப்படியே இறுகிவிடும், அதைப் பெருமையாக நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மீண்டும் ஆர்.கே. புரத்திலிருந்து

மருத்துவர் சொன்னதைப் படித்துவிட்டு, துண்டு விஷயத்தை இன்றே குருஜியிடம் சொன்னேன். எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே துண்டைத்தான் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வந்தார்கள். மயூர் விஹார் அம்மா எழுதிய விதிகளையும் இந்தியில் எழுதிக் கதவில் ஒட்டப் போகிறோம். எங்களிடம் இப்போது பையன்கள் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், பெண்கள் ஒருவரும் இல்லை. காரணம் எங்கள் கதவில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

34 கிலோவில் தொடங்கிய அந்தச் சிறுவன் இன்று 41. அவனுடைய ஜோடியான பையனின் குடும்பம் சென்ற மாதம் குருகிராமுக்கு வீடு மாறிவிட்டது. நோட்டில் அவன் பெயரைச் சுற்றி மறுபடியும் சிவப்பு வட்டம் விழுந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் அவன் எல்லோருக்கும் முன்னால் வந்து, எடை இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, புதிதாக யாராவது வந்தால் முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிறான். ஆர்.கே. புரம், முனிர்கா, மோதி பாக் பக்கத்தில் 39இலிருந்து 43 கிலோவுக்குள் எடையுள்ள பையன் யார் வீட்டிலாவது இருந்தால், குஸ்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை, இந்தச் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அனுப்பிவையுங்கள்.